முதலில் எழுதிய பெயர்

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், வல்லத்திராக்கோட்டைக்குச் சற்று முன்பாக, பேருந்தின் சன்னலோரத்தில் இருப்பவர்கள் தாமாகவே மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செவந்தி முந்திரிக்கொட்டை வறுக்கும் இடம் அது. நான்கு சவுக்குக் கம்புகள், மேலே தென்னங்கீற்று, கீழே மூன்று கல் அடுப்பு, அதன்மேல் அடியில் துளையிட்ட இரும்புச் சட்டி. சூடு ஏறியதும் கொட்டையின் ஓட்டிலிருக்கும் எண்ணெய் கசிந்து, துளை வழியே நெருப்பில் சொட்டி, தீ ஆள் உயரத்துக்கு எழும். அப்போது நீளக் கம்பால் ஓயாமல் கிளற வேண்டும். ஒரு மூச்சு முந்தினால் கொட்டை வேகாது. ஒரு மூச்சு பிந்தினால் உள்ளே பருப்பு கருகிவிடும். சரியான கணத்தில் சட்டியைக் கவிழ்த்து, மண்ணை வாரிப் போட்டு நெருப்பை அணைக்க வேண்டும். அந்தக் கணத்தைச் செவந்தி கண்ணால் பார்ப்பதில்லை. கொட்டை வெடிக்கும் ஓசையைக் காதால் கேட்டுத்தான் அறிவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவருடைய சட்டி கருகியதாக யாரும் சொன்னதில்லை.

மார்கழி மாதத்து முற்பகல் ஒன்றில்தான் அது முதன்முதலாகக் கருகியது.

கணவர் தங்கமுத்து வண்டியிலிருந்து இறங்கக்கூட மறந்தவராய், அதன்மேல் அமர்ந்தபடியே கூவினார். தேங்காய் உரிக்கப் போயிருந்த மனிதர், வேட்டியெல்லாம் நார்த்தூள்.

"ஏ புள்ள செவந்தி! பேங்க்ல பணம் தர மாட்டேங்குறாங்களாம்!"

"எந்த பேங்க்ல?"

"நம்ம பேங்க்லதான். ரிசர்வ் பேங்க் உத்தரவாம். புதுசா லோன் குடுக்கக் கூடாது, போட்ட பணத்தை எடுக்கக் கூடாது. கதவுல நோட்டீஸ் ஒட்டிக் கெடக்கு. ஊரே அங்கிட்டுத்தான் நிக்கிது."

செவந்தியின் கையிலிருந்த கம்பு நின்றது. எதிரே அமர்ந்து, எண்ணெய் அரிக்காமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்த சுடர்விழி, "அக்கா, சட்டி!" என்று அலறினாள். செவந்தி சட்டியைக் கவிழ்த்தபோது மூன்று கிலோ கொட்டை கரியாகியிருந்தது.

"போனாப் போகுது. அதுல கரியானது மூணு கிலோ. அங்கிட்டு என்னான்னு மொதல்ல சொல்லுங்க" என்றார் செவந்தி.

அந்த வங்கியில் இருந்தது அந்தக் குடும்பத்தின் தோப்பு. இன்னும் வாங்கப்படாத தோப்பு.

பதினெட்டு ஆண்டுகளாக அவர்கள் குத்தகைக்குப் பார்த்துவந்த எழுபது சென்ட் முந்திரித் தோப்பு அது; நடுவில் ஒரு கிணறு. உரிமையாளர் ஹாஜா முகைதீன், ஆலங்குடியில் பலசரக்குக் கடை வைத்து ஓய்ந்தவர். பதினோரு லட்சத்துக்கு விலை பேசி, செவந்தியின் சங்கிலியை விற்று இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தாயிற்று. மீதி ஒன்பது லட்சத்தை மாசிக்குள் கொடுத்துப் பத்திரம் முடிப்பதாக எழுத்து. அந்த ஒன்பதுக்காகத்தான் ஆலங்குடியின் பூங்குடி நகரக் கூட்டுறவு வங்கியில் இரண்டு வைப்புத்தொகைகள் காத்திருந்தன.

முதலாவது, மொய்ப் பணம். அந்த வட்டாரத்தில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து வைப்பது வழக்கம். ஊரைக் கூட்டி ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிப் போவார்கள். பின்னாளில் அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்துவிட வேண்டும். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆடியில் தங்கமுத்து வைத்த விருந்தில், செலவு போக நாலு லட்சத்து ஐந்தாயிரம் நின்றது. அதை அவர் தம் பெயரையும் மனைவியின் பெயரையும் எழுதிப் போட்டார்.

இரண்டாவது, செவந்தி வறுத்துச் சேர்த்தது. நாலு லட்சத்து முப்பதாயிரம். அதைப் போட இருவரும் சென்ற நாளில் வங்கியில் ஒரு சிறு வழக்கு நடந்தது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஃபர்ஹானா என்னும் பெண், பழைய கணக்கைப் பார்த்து அதே போலத் தங்கமுத்துவின் பெயரை முதலில் எழுதப் போனாள்.

"நில்லு பாப்பா. எம் பேரை முன்னால எழுது" என்றார் செவந்தி.

"ரெண்டு பேரும் ஜாயிண்ட்தானே அக்கா. எந்தப் பேரு முன்னால இருந்தாலும் ஒண்ணுதான்."

"அதெப்படி ஒண்ணாகும்? மொய் நோட்டுல எந்தப் பேரு முன்னால இருக்கோ அவங்களுக்குத்தானே திரும்பி வரும்? அது அவரு மொய், அவரு பேருல இருக்கட்டும். இது எங் கையி வெந்த காசு."

"அக்கா, இது பேங்க். மொய் நோட்டு இல்ல."

"நீதானே ஒண்ணுதான்னு சொன்னே? ஒண்ணுதான்னா எம் பேரையே முன்னால போட்டுட்டுப் போயேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபர்ஹானாவும் சிரித்துக்கொண்டே செவந்தியின் பெயரை முதலில் எழுதினாள். அன்றிலிருந்து தங்கமுத்து வீட்டில் குழம்பு கேட்கும்போதுகூட, "முன்பேர்க்காரி, கொஞ்சம் ஊத்து" என்றுதான் கேட்பார்.

இப்போது அந்தக் கேலிக்கு வீட்டில் இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை செவந்தி இரண்டு ரசீதுகளையும் பாஸ்புத்தகத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். வழியில் அருண்குமாரின் செல்போன் கடையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஊதா நிறத்தில் குத்தியிருந்த முத்திரையை அருண்குமார் எல்லோருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வைப்புத்தொகை காப்பீடு செய்யப்பட்டது, வரம்பு ஐந்து லட்சம் ரூபாய் என்பது அதன் சாரம்.

"காப்பீடுன்னா இன்சூரன்ஸ்தானே?" என்றார் கூட்டத்தில் நின்ற தங்கமுத்து. "அது நாம செத்தாத்தானே குடுப்பான்?"

"அப்ப ரெண்டு பேரும் செத்துட்டு வந்து வாங்கிக்கிருவமா?" என்றார் செவந்தி.

கூட்டம் கவலையை மறந்து சிரித்தது.

"மாமா, நாம சாக வேண்டாம். பேங்க் செத்தா நமக்குக் குடுப்பான்" என்றான் அருண்குமார். "ஒரு பாஸ்புக்குக்கு அஞ்சு லட்சம். வாட்ஸ்அப்ல தெளிவாப் போட்டிருக்கு. அதுக்குத்தான் எங்கம்மா பணத்தை ஆலங்குடி பிராஞ்சுல அஞ்சு, புதுக்கோட்டை பிராஞ்சுல அஞ்சுன்னு பிரிச்சுப் போட்டேன். ஒங்களுக்கும் ரெண்டு ரசீது. ரெண்டும் அஞ்சுக்குள்ள. நிம்மதியாத் தூங்குங்க."

செவந்திக்கு அந்த நிம்மதி ஆலங்குடிப் பேருந்தில் இருந்து இறங்கும்வரைதான் நீடித்தது.

வங்கியின் உள்ளே ஃபர்ஹானாவின் மேசையைச் சுற்றி மனிதர்கள். மேலாளர் கூட்டத்துக்குச் சென்றுவிட்டார். மற்றவர்கள் கூண்டுக்குள் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெண் ஒருத்திதான் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, தொண்டை கட்டிய குரலில், வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவர் ஒருவர் அவளைத் திருடி என்றார். "பணம் ஒங்களுதுங்க அத்தா, கோவம் வரத்தான் செய்யும்" என்றுவிட்டு அவள் அடுத்தவருக்குச் சொல்லத் தொடங்கினாள். செவந்தி தம் முறை வரும்வரை அதைப் பார்த்தபடி நின்றார்.

"பாஸ்புக்குக்கு அஞ்சு இல்லக்கா" என்றாள் ஃபர்ஹானா. "ஆளுக்கு அஞ்சு. ஒரு ஆளுக்கு இந்த பேங்க்ல எத்தனை ரசீது இருந்தாலும், எத்தனை பிராஞ்சுல இருந்தாலும், வட்டியோட எல்லாத்தையும் கூட்டித்தான் அஞ்சு லட்சம். தொண்ணூறு நாளைக்குள்ள வந்துரும். அதுக்கு மேல உள்ளது, பேங்க் நிமிந்தாத்தான்."

"எங்களுக்கு ரெண்டு ரசீது பாப்பா. வட்டியோட ஒம்பது முப்பத்தெட்டு ஆகுது."

ஃபர்ஹானா கணினியைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே கஸ்டமர் நம்பர்ல இருக்குக்கா. அஞ்சுன்னுதான் காட்டுது."

பேருந்தில் திரும்பிய செவந்தி வீட்டுக்குப் போகவில்லை. நேரே வந்து அடுப்பைப் பற்றவைத்தார். அன்று பதினாறு சட்டி வறுத்தார். ஒன்றும் கருகவில்லை.

தை பிறந்து முந்திரி பூத்தது. இளஞ்சிவப்புக் கோடிட்ட சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாய். தோப்பு முழுவதும் தித்திப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாசம். ஹாஜா முகைதீன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தோப்புக்கு வந்தார். செவந்தி அவரை மாமா என்றுதான் அழைப்பார். பையிலிருந்த வறுத்த பருப்பைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். பல் இல்லாத அந்தப் பெரியவர் ஒன்றை எடுத்து வாயில் ஊறவைத்துக்கொண்டார்.

"பூ நல்லாப் புடிச்சிருக்கு ஆத்தா. பனி அடிக்காம இருந்தா இந்த வருசம் காய்ப்புதான்" என்றவர், பருப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "எம் மவன் இக்பால் துபாயிலேருந்து ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போன் போடுறான். மனை போடுறவன் பதினாலு தாரேன்னு அவன்கிட்டயே பேசிட்டானாம். நான் பேசுனது பேசுனதுதான்னு சொல்லிட்டேன். மாசிக்குன்னு எழுதுனோம். ஒங்களுக்கு இப்படி ஆனதால பங்குனி கடைசி வரைக்கும் பொறுக்குறேன்."

"பெரிய மனசு மாமா."

"மனசு பெருசுதான் ஆத்தா, கையி சிறுசு. பேத்தி நுஸைபாவுக்குக் காலேஜ் பணம் கட்டணும். அஞ்சை வாங்கிக்க, மிச்சத்துக்குத் தவணை சொல்றேன்னு மட்டும் கேட்டுறாதே. எனக்கு முடியாது."

"பாதித் தோப்பை வேணா எழுதிக் குடுத்துருங்களேன் பாய்" என்றார் தங்கமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டே.

"கெணறு நடுவுல இருக்கே தங்கமுத்து. கெணத்தை எப்படிப் பிரிப்பே?"

பெரியவர் புறப்பட்ட பிறகு தங்கமுத்து ஒரு முந்திரி மரத்தின் தாழ்ந்த கிளையில் அமர்ந்தார். "நான்தான் தப்புப் பண்ணிட்டேன் புள்ள. அரை வட்டி கூடத் தாரான்னு அங்கிட்டுப் போட்டது நான்தானே. ஊரு மொய்யி வேற. நாளைக்கு ஒவ்வொருத்தனும் விருந்து வச்சா எதைக் கொண்டுபோய் திருப்பிச் செய்வேன்?"

"எந்திரிங்க. பூவு உதிருது" என்றார் செவந்தி.

அவர் எழுந்து நின்றார். தோளில் உதிர்ந்திருந்த பூவை மனைவி தட்டிவிட்டார். இருபத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் அவர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்ட விதம் இப்படித்தான் இருந்தது.

அந்த வாரம் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் அச்சாகிவிட்டது. ஒவ்வொருவரும் வந்து தம் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பணம் வந்து சேர வேறொரு வங்கிக் கணக்கின் எண்ணையும் தர வேண்டும். இருவரும் போனார்கள். ஆதாருக்காகச் செவந்தியின் பெருவிரலைச் சிறு கருவியில் வைக்கச் சொன்னாள் ஃபர்ஹானா. கருவி சிவப்பு விளக்குக் காட்டியது. மறுபடியும் சிவப்பு. முந்திரி எண்ணெய் அரித்து அரித்து விரலில் ரேகை என்பதே இல்லை.

"ஒங்களை ஆளே இல்லைங்குது அக்கா, இந்த மிசினு" என்றாள் ஃபர்ஹானா வருத்தத்தோடு. செல்போனுக்கு வரும் எண்ணை வைத்து அதை ஒருவழியாக முடித்தாள். பிறகு பட்டியலைத் திருப்பி வைத்தாள். "இங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. தங்கமுத்து, செவந்தி. அஞ்சு லட்சம்."

தங்கமுத்து போட்டுவிட்டார். செவந்தி பேனாவை வாங்கவில்லை. விரலால் அந்த வரியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏம் பாப்பா, இது அவரு மொய்யி. எம் மொய்யி எங்கே?"

"ரெண்டும் சேந்துதான்க்கா இது."

"எப்படிச் சேரும்? மொய் நோட்டுல 'தங்கமுத்து செவந்தி'ன்னு ஒரு எடத்துல இருக்கும். 'செவந்தி தங்கமுத்து'ன்னு எங்க அண்ணன் வீட்டுப் பக்கம் செஞ்சது இன்னொரு எடத்துல இருக்கும். புருசன் பொண்டாட்டிதானேன்னு எவனும் அதை ஒண்ணாக் கூட்ட மாட்டான். கூட்டுனா சண்டைதான். எம் பேரை முன்னால எழுதுனது நீதானே? அந்த வரி எங்கே போச்சு?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஏம்மா, மொய்க் கதையெல்லாம் வீட்டுல போயிப் பேசும்மா. பஸ்சுக்கு நேரமாவுது" என்றார் ஒருவர்.

தங்கமுத்து மனைவியின் முழங்கையைத் தொட்டார். "விடு புள்ள. பேங்க்காரங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுதா இல்லையான்னுதான் கேக்குறேன். போட்டுட்டா அப்பறம் கேக்க முடியுமா?"

ஃபர்ஹானா செவந்தியை ஒரு கணம் பார்த்தாள். மற்றவர்களைப் போல அவளும் சிரித்து அனுப்பியிருக்கலாம். அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரியிலிருந்து சுற்றறிக்கைக் கோப்பை எடுத்துவந்து, நின்றபடியே பக்கம் பக்கமாகத் தள்ளினாள். ஓரிடத்தில் அவளுடைய விரல் நின்றது. உதடுகள் அசைய இரண்டு முறை படித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"நான் சொன்னது தப்பு."

கோப்பை வரிசையின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"தனி ஆளு பேருல எத்தனை இருந்தாலும் கூட்டித்தான் அஞ்சு. அதுல மாத்தம் இல்ல. ஆனா ஜாயிண்ட் கணக்குல பேரோட வரிசை மாறியிருந்தா, அது வேற உரிமைன்னு போட்டிருக்கு. அவரு பேரு முன்னால உள்ளதுக்கு ஒரு அஞ்சு லட்சம் வரைக்கும். அக்கா பேரு முன்னால உள்ளதுக்குத் தனியா ஒரு அஞ்சு லட்சம் வரைக்கும். சிஸ்டம் ஒரே நம்பரைப் பாத்து ரெண்டையும் கூட்டிருச்சு. நானும் அதை நம்பிட்டேன்." அவளுடைய குரல் இறங்கியது. "அன்னைக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு சிரிச்சேன். மன்னிச்சிருங்கக்கா."

"அட, நீ என்ன பாப்பா! எனக்கு மட்டும் இந்தச் சட்டம் தெரியுமாக்கும்? எனக்குத் தெரிஞ்சது மொய் நோட்டுதான்" என்றார் செவந்தி. "தப்புன்னு இத்தனை பேருக்கு முன்னால சொன்னே பாரு. அதுக்கு ஒனக்குத்தான் மொய் செய்யணும்."

பட்டியலில் அந்த வரியை அடித்து, இரண்டு வரிகளாக எழுதி, மேலாளரிடம் கையொப்பம் வாங்கிவர ஒரு மணி நேரமாயிற்று. அதற்குள் வரிசையில் நின்ற இன்னும் இரண்டு வீட்டார் தங்கள் ரசீதுகளைப் பையிலிருந்து எடுத்து, எந்தப் பெயர் முன்னால் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அருண்குமாரின் தாயாருக்குத்தான் அந்த வழி இல்லை. இரண்டு கிளைகளிலும் அவர் ஒருவர் பெயரே இருந்தது. அவனுடைய கடையில் அதன்பிறகு யாரும் வாட்ஸ்அப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. செவந்தி மட்டும் வழக்கம் போல ரீசார்ஜ் செய்யப் போய், கூடவே ஒரு பொட்டலம் பருப்பைக் கொடுத்து, "அம்மாட்ட குடு. பேங்க் நிமிரும்னு சொல்லு" என்றுவிட்டு வந்தார்.

காத்திருப்பதும் ஒரு வேலைதான். மாசியில் பூ பிஞ்சாயிற்று. இக்பாலின் தொலைபேசி ஒருமுறை நேரே தங்கமுத்துவுக்கே வந்தது. "பங்குனி முப்பதுக்கு மேல ஒரு நாளும் கெடையாதுண்ணே" என்றான். தங்கமுத்து அன்றாடம் காலையில் நாட்காட்டியைக் கிழித்துவிட்டு, கிழித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஏனென்று செவந்தி கேட்கவில்லை.

பங்குனி பதினெட்டாம் நாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டியில் தீ எழும்பியிருந்த நேரத்தில், கம்பில் தொங்கிய மஞ்சள் பைக்குள் செல்போன் இரண்டு முறை கூவியது.

"அக்கா, போனு!" என்றாள் சுடர்விழி.

செவந்தி திரும்பவில்லை. கொட்டை இன்னும் முழுதாக வெடித்து முடியவில்லை.

"ரெண்டு மெசேஜ் அக்கா! பேங்க்கா இருக்கப் போகுது!"

"இருக்கட்டும். அது கருகாது."

வெடிச்சத்தம் தணிந்த அந்தக் கணத்தில் சட்டியைக் கவிழ்த்து, மண்ணைப் போட்டு, நெருப்பை அணைத்து, கையைச் சாம்பலில் தேய்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதன்பிறகுதான் செவந்தி பையை எடுத்தார். முதல் செய்தியில் நாலு லட்சத்து எண்பத்தாறாயிரத்துச் சொச்சம். இரண்டாவதில் நாலு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். அவர் அதை மூன்று முறை படித்தார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். புகை கண்ணில் பட்டதாகச் சுடர்விழியிடம் சொன்னார். அடுப்பு அணைந்திருந்தது என்பதைச் சுடர்விழி சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த புதன்கிழமை ஆலங்குடி சார்பதிவாளர் அலுவலகத்தில், வேப்ப மரத்தடியில், எல்லோரும் பத்திரத்தோடு காத்திருந்தார்கள். ஹாஜா முகைதீன் வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க நாற்காலியில் அமர்ந்திருந்தார். பத்திரம் எழுதுபவர் தாள்களைச் செவந்தியிடம் நீட்டி, பெயர் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொன்னார்.

செவந்தி விரலை வைத்துப் படித்தார். வாங்குபவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் முதலில் இருந்தது. தங்கமுத்துவின் பெயர் பின்னால்.

"இது யாரு சொல்லி எழுதுனது?"

எழுத்தர் தங்கமுத்துவைக் காட்டினார். தங்கமுத்து வேப்ப மரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்கிட்டு எதுக்கு எம் பேரு முன்னால? பேங்க்குன்னா பணம் போயிரும்னு பயம். மண்ணு எங்கிட்டுப் போயிரப் போகுது?"

"இருக்கட்டும் புள்ள. ஒனக்கு நான் மொய் செஞ்சதா நெனைச்சுக்க."

ஹாஜா முகைதீன் பொக்கை வாயால் சிரித்தார். செவந்தி மட்டும் சிரிக்கவில்லை. ரேகையில்லாத பெருவிரலால் அந்தப் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"மொய்யின்னா கூட வச்சுத் திருப்பிச் செய்யணுமே."

"செய்யி. எப்பச் செய்வே?"

"வெடிப்புச் சத்தம் அடங்கட்டும். செய்யிறேன்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்திடப் பேனாவை வாங்கிக்கொண்டார் செவந்தி.